அப்பா இடது

என் வீட்டுக்காரர் இடது என்று சொன்னால் நான் வலது பக்கம் கையை நீட்டுவேன். கல்யாணமான புதிதில் இது தெரியாமல் நிறைய அல்லாடியிருக்கிறேன். சர்க்கரை டப்பா எங்கே என்று கேட்டால், "அலமாரில இடது பக்கம்" என்பார். துழாவினால் உப்பு வரும். சண்டைக்குப் போனால், "அலமாரிக்கு அது இடதுதானே" என்பார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். அவருக்கு அலமாரியும் ஒரு நோயாளிதான். அது அவரைப் பார்த்து நிற்கிறது. அதன் இடது கை எந்தப் பக்கமோ அதுதான் இடது.

ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிறவர் அவர். நான் அதே இடத்தில் முன்பக்க மேஜையில் உட்கார்ந்து நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவள். எக்ஸ்ரே படத்தை, ஆள் நம் எதிரே நிற்பதுபோலத்தான் பார்க்க வேண்டுமாம். படத்தில் நமக்கு வலது பக்கம் தெரிவது அந்த ஆளின் இடது கை. உள்ளே அந்த அறையில் அது சரிதான், அப்படிப் பார்க்காவிட்டால் நல்ல காலுக்குக் கட்டுப் போட்டு அனுப்பிவிடுவார்கள். அதை வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்தால் குடும்பம் நடத்துகிறவள் என்ன செய்வாள்?

இதற்கு வழி கண்டுபிடித்தவன் எங்கள் பையன். ஒன்றாம் வகுப்போ இரண்டாம் வகுப்போ படிக்கிறபோதே, அப்பா எதைச் சொன்னாலும் அடுத்த கேள்வி கேட்பான்: "அப்பா இடதா, நம்ம இடதா?" அவரும் கோபப்படாமல் யோசித்து, "அப்பா இடது" என்பார். உடனே நாங்கள் இருவரும் எதிர்ப்பக்கம் ஓடுவோம். அதன் பிறகு எங்கள் வீட்டில் சாவி தொலைந்தாலும், செருப்பு தொலைந்தாலும், இந்தக் கேள்வியைக் கேட்காமல் யாரும் தேட ஆரம்பிப்பதில்லை.

அவனுக்கு உருளை என்று பெயர் வைத்தவரும் அவர்தான். தூக்கத்தில் அப்படி உருளுவான். கட்டிலின் இந்த மூலையில் படுக்க வைத்தால் காலையில் அந்த மூலையில் கிடப்பான், போர்வை தரையில் கிடக்கும். அவன் எங்கே, எந்தப் பக்கம் திரும்பி, எப்படிப் படுத்திருக்கிறான் என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது. பெரியவனாகி மீசை முளைத்த பிறகும் அதே கதைதான். இவர் இரண்டாவது ஷிப்ட் முடிந்து வந்து கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டதும், படுத்தபடியே குரல் கொடுப்பேன்: "போர்த்தியிருக்கானா பாருங்க." "போர்த்தியிருக்கான், நீ தூங்கு" என்று பதில் வரும். பாதி நாள் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். எனக்கு அது தெரியும். தெரிந்தாலும் அந்தப் பதில் வந்தால்தான் கண் மூடும்.

அந்தப் பிள்ளைதான் இப்போது மலையில் கிடக்கிறான்.

மழை, காற்று, குளிர் எல்லாவற்றையும் அளக்கிற கருவிகளைக் கொண்டுபோய் உயரத்தில் நட்டுவிட்டு வருகிற வேலை அவனுக்கு. போன வருடம் ஒரு பனி மலையில் நட்டுக்கொண்டிருந்தபோது பனி சரிந்தது. கூட இருந்தவர்களைத் தோண்டி எடுத்தார்கள். இவனை எடுக்கவில்லை. கொஞ்ச நாள் தேடினார்கள், மறுபடியும் சரிகிறது என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். அந்தப் பள்ளத்தாக்குக்குப் போகிற பாதையையும் அடைத்துவிட்டார்கள். யாரையும் விடுவதில்லை, பெற்றவளையும்தான்.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் இல்லை. தூக்கம் வரவில்லை என்று டாக்டரிடம் சொன்னேன், மாத்திரை கொடுத்தார். மாத்திரை போட்டால் உடம்பு தூங்கும், நான் விழித்துக்கொண்டே கிடப்பேன். அவன் எங்கே படுத்திருக்கிறான்? எப்படி இருக்கும் அந்த இடம்? எனக்குத் தெரியவில்லையே. மற்றவர்களுக்கெல்லாம் போய் நிற்க ஓர் இடம் இருக்கிறது. எனக்கு இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவன் இறந்துவிட்டான் என்று என் வாயால் நான் யாரிடமும் சொன்னதே கிடையாது. தெருவுக்கும் சொந்தக்காரர்களுக்கும் எப்படியோ தெரிந்துவிட்டது. ஆனால் மேஜைக்கு எதிரே வந்து நிற்கிற பழைய நோயாளிகள், "பையன் எப்படிம்மா இருக்கான்?" என்று கேட்டால், "வெளியூர்ல வேலை" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடுவேன். எனக்கு வாய் நீளம், ஊருக்கே தெரியும். இந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் வாய் வராது.

இவரோ அதற்கு நேர்மாறு, கல்லுளிமங்கன். அழவில்லை, புலம்பவில்லை. காலையில் குளித்தார், சட்டை மாட்டினார், வேலைக்குப் போனார், வந்தார். பெற்ற பிள்ளை போனதற்கு ஒரு மனிதன் இப்படியா இருப்பான் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கத்தியும் இருக்கிறேன். அதற்கும் பேசாமல் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுப்பார்.

பிறகு ஒருநாள் தாடி வந்தான். உருளையோடு வேலை பார்த்தவன், அந்தத் தாடியைத் தவிர முகத்தில் வேறெதுவும் தெரியாது. வேறு வேலையாக விமானத்தில் போனபோது ஜன்னல் வழியாக அந்த மலையைப் பார்த்தானாம், போட்டோ எடுத்தானாம். பிரிண்ட் போட்டுக் கொண்டு வந்திருந்தான். எந்த இடம் என்று அவன் விரலால் காட்ட, இவர் வாங்கிப் பார்த்தார். நான் பார்க்கவில்லை. காகிதத்தில் பார்ப்பதற்கா அவனைப் பெற்றேன்? எடுத்து அப்பால் வைக்கச் சொல்லிவிட்டேன்.

"நேர்லயே பாக்கலாம்மா," என்றான் தாடி. "காலைல போற பிளேன். மலைக்குப் பக்கத்துலயே கொஞ்ச நேரம் போகும். இடது பக்க ஜன்னல். இறக்கைக்கு முன்னாடி உக்காரணும். வெயில் வலது பக்கமா வரும், அதனால இடது பக்கம் கண்ணு கூசாது, மலை பளிச்சுனு தெரியும். ஆனா இந்த மாசக் கடைசியோட அந்த பிளேன நிறுத்தப்போறாங்களாம். ஆள் ஏறறதில்லையாம்."

திரும்பி வருகிற விமானம் பொழுது சாய்ந்த பிறகு கிளம்புவது. இருட்டில் மலையென்ன, மடுவென்ன. போகும்போது பார்த்தால்தான் உண்டு.

இவர் தாடியின் பேச்சை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அந்த வாரம் முழுக்க எக்ஸ்ரே அறைக்குள் அதே ஆராய்ச்சிதான். விமானத்தில் போய்வந்த முகமாக யார் வந்தாலும் பிடித்துக்கொண்டார். விலா எலும்பில் அடிபட்டு வந்த ஒரு மருந்து விற்பனைக்காரரை மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, படம் எடுத்துவிட்டு, எந்த வரிசையில் ஜன்னல் இல்லாமல் வெறும் சுவர் வரும் என்று கேட்டிருக்கிறார். அந்த ஆள் மூச்சை விடலாமா கூடாதா என்று தெரியாமல் சைகையில் கேட்டாராம். அந்த விற்பனைக்காரரே வெளியே வந்து என்னிடம் சொல்லிச் சிரித்தார். சிறிய விமானத்தில் பின்னால் உட்கார்ந்தால் எஞ்சின் மறைக்கும், முன்னால் ரொம்பத் தள்ளிப் போனால் கதவு வரும், மூன்றாவது நான்காவது வரிசைதான் நல்லது என்று இவரிடம் சொன்னாராம்.

ஒரு சாயங்காலம் இவர் கைபேசியைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினார். விமானத்தின் படம். மேலே மூக்கு, கீழே வால், இரண்டு பக்கமும் கட்டம் கட்டமாகச் சீட்டு.

"இடது பக்க ஜன்னல் உனக்கு. பக்கத்துல நான். இறக்கைக்கு முன்னாடி. தெளிவா தெரியும்," என்றார். இவ்வளவு நீளமாக அவர் பேசி ரொம்ப நாள் ஆகியிருந்தது. நான் தலையாட்டினேன்.

விமானத்தில் நான் அதுவரை ஏறியதில்லை. பின்பக்கப் படி வழியாக ஏற்றினார்கள். இவருடைய சட்டை முனையைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே போய், காட்டின இடத்தில் உட்கார்ந்தேன். ஒரு பக்கத்துக்கு இரண்டு இரண்டு சீட்டு, நடுவில் ஒடுக்கமான நடைபாதை. நான் ஜன்னலோரம், இவர் பாதையோரம். விமானம் எழும்பியபோது கண்ணை இறுக்கி மூடியவள், காது அடைத்துத் திறந்த பிறகுதான் விழித்தேன். மடி சூடாக இருந்தது. ஜன்னல் வழியாக வெயில் வந்து என் மடியில் விழுந்து கிடந்தது.

இவர் அந்த வெயிலையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"என்னங்க?"

கைபேசியை எடுத்தார், விமானத்தின் படத்தை வரவழைத்தார். அதை மெதுவாகத் தலைகீழாகத் திருப்பினார். மறுபடி நேராக்கினார்.

"தப்பான பக்கம்," என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவர் பக்கம் திரும்பினேன்.

"தாடி இடதுன்னுதானே சொன்னான்?"

"இடதுதான் போட்டேன். தலை மேல, கால் கீழ. மல்லாக்கப் படுத்திருக்கற மாதிரி இருந்துச்சு." விரலை அந்தப் படத்தின் மேல் வைத்துக் காட்டினார். "படுத்திருக்கற ஆளோட இடதப் போட்டுட்டேன்."

விமானத்தையும் எக்ஸ்ரே மேஜையில் படுக்கப் போட்டுவிட்டார் மனிதர். அந்த நிமிடம் எனக்கு வந்த ஆத்திரத்தில் என்னவெல்லாம் சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. குரலை அடக்கித்தான் பேசினேன், ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் ஊசி. வாழ்நாள் முழுக்க ஒரே ஒரு காரியம் கேட்டேன், அதிலும் உங்கள் புத்தியைக் காட்டிவிட்டீர்களே என்றேன். பிள்ளை மேல் பாசம் இருந்தால் கை தப்பாகப் போகுமா என்றும் கேட்டேன். அவர் பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டு எழுந்தார்.

எங்களுக்கு நேராக, நடைபாதைக்கு அந்தப் பக்கம், ஒரு புருஷன் பெண்டாட்டி. பெண்டாட்டி பாதையோரம் வேர்க்கடலை உடைத்துத் தின்றுகொண்டிருந்தாள், பருத்த உடம்பு, கலகலப்பான முகம். புருஷன் ஜன்னலோரம். கழுத்தைச் சுற்றி ஒரு தலையணை, கண்ணுக்குக் கறுப்புப் பட்டை, ஜன்னல் மூடியை அடி வரைக்கும் இழுத்து விட்டிருந்தார். மலைப் பக்கத்து ஜன்னலை வாங்கி வைத்துக்கொண்டு அதில் சாய்ந்து தூங்குகிறார். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

இவர் குனிந்து ஏதோ கேட்டார். கேட்கத் தெரிந்தால்தானே? கடன் கேட்கிறவர்போல அவ்வளவு தாழ்ந்த குரல். கழுத்துத் தலையணைக்காரர் பட்டையைத் தூக்கிப் பார்த்தார்.

"எனக்குக் கழுத்து வலிங்க. சாய்ஞ்சு தூங்கணும்னுதான் ஜன்னலோரம் போட்டது. மாறிக்க முடியாது."

இவர் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார். பணிப்பெண்ணைக் கூப்பிட்டேன். எல்லா சீட்டும் நிறைந்துவிட்டது, அவர்களாக மாறிக்கொண்டால் சரி, நாங்கள் வற்புறுத்த முடியாது என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை எனக்கு. எப்போது அந்த மலை வரும் என்றும் தெரியாது. வந்துகொண்டிருக்கிறதோ, போயே போய்விட்டதோ.

நானே எழுந்து போனேன்.

"தூங்கத்தானே போறீங்க? எங்க ஜன்னல்ல சாய்ஞ்சு தூங்கினா ஆகாதா? உங்களுக்கு வெளிய பாக்கவே வேண்டாம்னுதானே மூடி வெச்சிருக்கீங்க?"

"அம்மா, இது என் சீட்டு. நான் தூங்குவேன், முழிச்சிருப்பேன், தலைகீழா நிப்பேன். உங்களுக்கென்ன?"

"மலையப் பாக்கணும்."

"அடுத்த தடவ பாருங்க. மலை எங்க போயிடப்போகுது?"

அவர் தெரியாமல்தான் சொன்னார். திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

"விஷயத்தச் சொல்லேன்," என்றார் இவர் என் காதருகே. "சொன்னா எந்திரிப்பாங்க."

"நீங்க சொல்லுங்களேன்."

"நான் சொல்லப் பாத்தேன். வரல."

அவருக்கும் வரவில்லையாம். அப்போதுதான் எனக்கு உறைத்தது, இந்த மனிதரும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அடுத்தடுத்த அறையில் உட்கார்ந்து, ஒரே வார்த்தையை ஆளுக்கொரு பக்கமாக விழுங்கிக்கொண்டு ஒரு வருடத்தை ஓட்டியிருக்கிறோம்.

விமானம் தடதடவென்று ஆடியது. பெல்ட் போடச் சொல்லி விளக்கு எரிந்தது. விமானியின் குரல் வந்தது: மலைக்காற்று, கொஞ்சம் ஆடும், யாரும் எழுந்திருக்க வேண்டாம், இடது பக்கம் இருப்பவர்கள் இப்போது பனி மலைகளைப் பார்க்கலாம்.

இடது பக்கம் இருப்பவர்கள்.

எழுந்துவிட்டேன். முன்னால் பெல்ட்டோடு உட்கார்ந்திருந்த பணிப்பெண் உட்காருங்கள் உட்காருங்கள் என்று கையை ஆட்டினாள். சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண்டாட்டியின் முன்னால் போய் நின்றேன். அந்த ஆளிடம் சொல்ல முடியாது, இவளிடம் சொல்லலாம் என்று தோன்றியது.

"என் பையன் அங்க இருக்கான்," என்றேன். அவள் கடலை உடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். இன்னும் அவளுக்குப் புரியவில்லை. முழுக்கச் சொன்னால்தான் புரியும். "செத்துப்போயிட்டான். பனி சரிஞ்சு மூடிடுச்சு. எடுக்கவே இல்ல. அந்த மலைக்குள்ளதான் கெடக்கான். அவன் படுத்திருக்கற எடத்த நான் பாத்ததில்ல. இனிமே இந்த பிளேன் இல்ல. இப்ப பாக்கலன்னா எப்பவும் இல்ல."

சொல்லிவிட்டேன். பெயர் கூப்பிட்டுப் பழகிய குரல், கடைசி வரிசை வரைக்கும் கேட்டிருக்கும்.

அவள் பெல்ட்டை அவிழ்த்து, புருஷனின் கண்பட்டையைப் பிடித்து மேலே தள்ளினாள். "எந்திரிங்க."

அவர் காதிலும் அது விழுந்திருந்தது. எழுந்திருக்கும் முன் ஜன்னல் மூடியை அவரே மேலே தள்ளிவிட்டு, தலையணையோடு வெளியே வந்து, என் இடத்தில் போய் உட்கார்ந்தார். நான் அவள் முழங்கால்களைத் தாண்டி உள்ளே விழுந்தேன். அவள் என் இடுப்பைச் சுற்றி பெல்ட்டை மாட்டினாள், பிள்ளைக்கு மாட்டுவதுபோல.

ஜன்னலில் முகத்தை வைத்தேன்.

மலை என்றால் ஒரு மலை இருக்கும் என்று நினைத்திருந்தேன். அங்கே கண்ணுக்கு எட்டிய வரை மலைகள். எல்லாம் வெள்ளை, எல்லாம் கூர், ஒன்றுக்குப் பின்னால் ஒன்று, பின்பக்கமாக நகர்ந்து போய்க்கொண்டே இருந்தன. எது என் பையனுடையது? எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் கண் மறைக்கும் என்று அடக்கினேன். அந்தப் போட்டோவை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பார்த்திருக்கலாம். அது எக்ஸ்ரே அறையில், படம் பார்க்கிற விளக்குப் பெட்டியின் ஓரத்தில் கிளிப் போட்டு மாட்டியிருக்கிறது. எனக்கு மனப்பாடம், எதற்குத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும் என்று சொல்லி இவர் எடுத்து வரவில்லை.

"என்னங்க, எது? எதுங்க?"

இவர் பாதைப் பக்கம் உடம்பை வளைத்துச் சாய்ந்தார். அவர் குரல் அந்த இரைச்சலில் எனக்கு எட்டவில்லை. நடுவில் இருந்தவள் காதைக் கொடுத்துக் கேட்டு எனக்குச் சொன்னாள்.

"ரெண்டு தலை இருக்குமாம். நடுவுல பள்ளமாம். மத்த மலையெல்லாம் ஒத்தத் தலைதானாம்."

தேடினேன். இல்லை, இல்லை, இல்லை. வந்தது. முன்பக்கமிருந்து மெதுவாக, இரண்டு தலையோடு, நடுவில் யாரோ கடித்துத் தின்றதுபோல ஒரு பள்ளத்தோடு.

"வந்துடுச்சு. வந்துடுச்சுங்க."

"தலைக்குக் கீழ தோள் இருக்குமாம். இடது தோள்ல கறுப்பா ஒரு பாறையாம், இஸ்திரிப்பெட்டி மாதிரி. அதுக்கு அடியிலதானாம்." அவள் என் மேல் சாய்ந்து விரலை நீட்டினாள். "அதோ, இடது பக்கம். கறுப்பா தெரியுது பாருங்க."

இடது பக்கம் கறுப்பாக ஏதோ இருந்தது. பனி வெடித்து, உள்ளே இருட்டாக, நீளமாக. அதைத்தான் பார்த்தேன். அந்தப் பிளவுக்குள்ளா? அவ்வளவு இருட்டுக்குள்ளா என் பிள்ளை? மலை நகர்ந்துகொண்டிருந்தது. இறக்கை பின்னாலிருந்து அதை நெருங்கிக்கொண்டிருந்தது.

திடீரென்று எனக்கு அவன் குரல் வந்தது. பள்ளிக்கூடப் பையைக் கழற்றாமல் அலமாரி முன்னால் நின்றுகொண்டு கேட்கிற குரல்.

முகத்தைத் திருப்பி, அந்தப் பெண்ணைத் தாண்டி, பாதையைத் தாண்டி, இருந்த மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்தினேன். "அப்பா இடதா, நம்ம இடதா?"

இவர் என்னைப் பார்த்தார். அவன் போன பிறகு எங்கள் வீட்டில் யாரும் கேட்காத கேள்வி. வாய் கோணிக்கொண்டு போனது அவருக்கு. தலையைத் தலையை ஆட்டினார். இந்தத் தடவை அவர் குரல் எனக்கே கேட்டது.

"அப்பா இடது."

வலது பக்கம் பார்த்தேன். இருந்தது. தோளில், வெள்ளைக்கு நடுவில், இஸ்திரிப்பெட்டியேதான். கைப்பிடிகூட இருந்தது. அதற்குக் கீழே பனி குழிவாக, சுருக்கமில்லாமல், வெயில் பட்டுக்கொண்டு கிடந்தது. பிளவில்லை, இருட்டில்லை. அங்கேதான் இருக்கிறான். அங்கேதான்.

"நீங்க வாங்க," என்று கத்தினேன். "சீக்கிரம் வாங்க, தெரியுது."

"நீ பாரு," என்றார். பக்கத்தில் இருந்தவள் அதைத் திருப்பிச் சொல்ல வாய் திறந்து, சொல்ல முடியாமல் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு அவர் சொன்னதும் எனக்கே கேட்டது. "நீ பாரு. நான் தெனம் பாத்துட்டுத்தான் இருக்கேன்."

தினம். ஒவ்வொரு நோயாளிக்கும் நடுவில், கதவைச் சாத்திக்கொண்டு, அந்த விளக்கைப் போட்டு. வெளியே நான் பெயர் கூப்பிட்டுக்கொண்டு, கல்நெஞ்சக்காரர் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு இருந்த நேரமெல்லாம்.

ஜன்னலுக்குத் திரும்பினேன். கழுத்தைத் திருப்ப முடிந்த வரைக்கும் திருப்பி, கன்னம் கண்ணாடியில் நசுங்க, பார்த்தேன். இறக்கை வந்து ஒரு தலையை மறைத்தது. பிறகு பள்ளத்தை. பிறகு தோளை. கடைசியாக அந்தப் பாறையின் கைப்பிடி மட்டும் தெரிந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

பார்த்துவிட்டால் மனசு ஆறும் என்று நினைத்திருந்தேன். அதெல்லாம் ஆறவில்லை. பறக்கிற விமானத்திலிருந்து குதித்துவிடலாம் போல இருந்தது. அவ்வளவு தூரம் பக்கத்தில் போய், எட்டித் தொடாமல், எழுப்பாமல், அப்படியே விட்டுவிட்டு எந்தத் தாயாவது போவாளா? வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதேன். அந்தப் பெண் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை, அதற்காகவே அவளை நான் மறக்க மாட்டேன்.

ஆட்டம் நின்று விளக்கு அணைந்ததும் இவர் எழுந்து வந்தார். பாதையில் நின்று, மேலே பெட்டி வைக்கிற தட்டைப் பிடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். அங்கே இப்போது வெறும் ஆகாயம்தான். அந்தக் கழுத்துத் தலையணைக்காரர் தன் தலையணையை இவர் சீட்டில் வைத்துவிட்டு, எங்கள் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

இவர் எதையோ கேட்க வாயெடுத்து, விட்டுவிட்டு, மறுபடி வாயெடுத்தார்.

"போர்த்தியிருக்கானா?" என்றார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டேன், மூக்கைச் சிந்தினேன். அதுவரை அவர் நின்றுகொண்டே இருந்தார்.

"போர்த்தியிருக்கான்," என்றேன். "நீங்க தூங்குங்க."

பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.